டீ பங்கு

திண்டுக்கல்லில் பத்திர ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் பெஞ்சில் உட்காருகிற புரோக்கர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்த அரசாங்கமும் போட்ட சட்டமில்லை, அதனாலேயே யாரும் அதை மீறியதில்லை. ஒரு மனையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பேச்செடுக்கும் நேரத்தில் கையில் டீ கிளாஸ் வைத்திருந்த எல்லோருக்கும் அந்த வியாபாரத்தின் கமிஷனில் பங்கு. பார்ட்டியைக் கூட்டி வந்தவனுக்குப் பெரிய பங்கு, இடத்தைக் காட்டியவனுக்கு அதற்கடுத்தது. சும்மா உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டே "அந்தப் பக்கம் தண்ணி நல்லாருக்கும்ல" என்று ஒரு வார்த்தை போட்டவனுக்கும் கொஞ்சம் உண்டு. அதற்கு டீ பங்கு என்று பெயர். டீயைக் குடித்து முடித்த பிறகும் காலி கிளாசைக் கீழே வைக்க மனமில்லாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்த மகானுபாவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் வேண்டாத ஆள் ஒருவன் பெஞ்சை நோக்கி வந்தால், அவன் டீ சொல்வதற்குள் பேச்சை மாற்றியாக வேண்டும். முதலில் அவனைப் பார்த்தவர் "மழை வரும் போலருக்கே" என்பார். உடனே மொத்த பெஞ்சும் மழைக்குத் தாவிவிடும். ஆத்தூர் டேமில் எவ்வளவு தண்ணீர், கொடைக்கானல் மலையில் மேகம் கட்டியிருக்கிறதா, போன வருஷம் எப்படிப் பெய்தது என்று ஆளாளுக்குப் பேசுவோம். வந்தவன் சலித்துப்போய் எழுந்து போவான். தார் ரோடு இளகிக் கிடக்கிற சித்திரை வெயிலிலும் நாங்கள் மழையைப் பேசியிருக்கிறோம். எங்கள் ஊரில் பெய்த மழையைவிட அந்த பெஞ்சில் பேசிய மழை அதிகம்.

நான் அந்தத் தொழிலுக்கு வந்தது என் எலக்ட்ரிகல் கடையை மூடிய பிறகு. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு மாப்ள, அவன் எனக்கு மாப்ள. ஒரே பைக்கில் ஊர் ஊராகப் போவோம். அவனுக்கு வாய், எனக்குக் கண். அவன் பார்ட்டியைப் பேச்சில் மயக்கிக்கொண்டிருக்கும்போது நான் மூலப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பேன். பத்திரத்தில் ஏதாவது இடித்தால் தொண்டையைச் செருமுவேன். அவன் பேச்சை அப்படியே வளைத்து, "சரி, யோசிச்சுச் சொல்லுங்க" என்று முடித்துவிடுவான். பார்ட்டிக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அப்படி நாங்கள் எத்தனை பேரைத் தப்பான இடத்திலிருந்து காப்பாற்றியிருப்போம் என்று எங்களுக்கே தெரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆணையத்தில் பதிவு செய்யாத மனைப்பிரிவை விற்கக் கூடாது, பதிவு செய்யாத புரோக்கர் பதிவான மனைகளை விற்றுத் தரக் கூடாது என்றது சட்டம். பெஞ்சில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சட்டமெல்லாம் சென்னைக்கு, நமக்கெல்லாம் பழகின முகம் போதும் என்றார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பைபாஸ் பக்கம் பெரிதாக மனை போட்ட ஒருவர், பதிவு நம்பர் இல்லாத ஆளுக்கு புக்கிங் தர முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

லைசென்ஸ் வாங்கிவிடுவோம் என்றேன் மாப்ளையிடம். அவன் சிரித்தான். "நீ வாங்கு மாப்ள. படிச்சவன் நீ. உன் நம்பர்ல நானும் ஒண்டிக்கிறேன்" என்றான். வருமான வரி, ஆடிட்டர் என்றாலே அவனுக்கு ஒவ்வாது.

வாங்குவது லேசாக இல்லை. வீட்டு முகவரி வேண்டாம், தொழில் நடக்கிற இடமாகக் காட்டலாம் என்று பிளெக்ஸ் அடிக்கிற கடையின் மாடியில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தேன். வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண் இருந்தது, கரண்ட் பில்லில் புதிய எண் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்பது தபால்காரருக்குத் தெரியும், பிளெக்ஸ் கடைக்காரருக்குத் தெரியும், சென்னைக்கு மட்டும் தெரியவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. மாநகராட்சியில் அலைந்து ஒரு சான்று வாங்கிச் சேர்த்தேன். அப்புறம் போட்டோ சரியில்லை என்று திரும்பியது.

நல்ல போட்டோ எடுக்க மாப்ளதான் என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கேமரா முன்னால் உட்கார்ந்த பிறகுதான் என் சட்டைக் காலரில் டீக்கறையைப் பார்த்தோம். "ஏலே, ஆபீசருக்குப் போற போட்டோல கறையோடயா இருப்ப?" என்று திட்டிவிட்டுத் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். எனக்கு அது தோளில் கொஞ்சம் தொங்கியது. அவன் பனியனோடு லைட்டுக்குப் பக்கத்தில் நின்று, "சிரிக்காத, லைசென்ஸ்காரன் சிரிக்க மாட்டான்" என்று சொல்லியே என்னைச் சிரிக்க வைத்தான். ஸ்டூடியோக்காரர் கடுப்பாகிவிட்டார்.

மாதங்கள் கழித்துச் சான்றிதழ் வந்தது. ஐந்து வருஷத்துக்கு. பிரின்ட் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மீந்த போட்டோ ஒன்றை அதன் மூலையில் சொருகினேன். லட்டும் மிக்சரும் வாங்கிக்கொண்டு நேராக பெஞ்சுக்குப் போனேன்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் லட்டைப் பிட்டுத் தின்றுகொண்டே, "என்னதான் எழுதிருக்கு, வாசி பாப்பம்" என்றார்கள். கல்யாணப் பத்திரிகையை வாசிக்கிற மாதிரி நான் எழுந்து நின்று, இங்கிலீஷில் இருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பதிவில்லாத மனைப்பிரிவை விற்க உதவக் கூடாது. வாங்குகிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. கணக்கு வழக்கை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

"கணக்குன்னா? யார்ட்டருந்து வந்துச்சு, யாருக்குக் குடுத்தன்னு எழுதணுமா?" என்றார் ஒருவர்.

"ஆமா."

"அப்ப டீ பங்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "உங்க பேரு, ஆதார் நம்பரு எல்லாத்தையும் எழுதி அப்படியே மெட்ராசுக்கு அனுப்பப் போறேன்ல" என்றேன்.

தமாஷுக்குத்தான் சொன்னேன். ஆனால் அதற்கு மாப்ள மட்டும்தான் சிரித்தான். மற்றவர்கள் மிக்சரில் கடலையைப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள், டீ சொன்னார்கள், மகளைப் பற்றி விசாரித்தார்கள். தொழிலை மட்டும் பேசவில்லை. நான் எழுந்து போன பிறகு அவர்கள் நெருங்கி உட்காருவது தெருமுனையிலிருந்து எனக்குத் தெரியும். பைபாஸ் மனைகளில் எனக்கு புக்கிங் கிடைத்தது. மாப்ளையை அங்கே கூட்டிப்போனபோது, உங்களுக்கு நம்பர் இருக்கா என்று வாசலிலேயே கேட்டார்கள். அவன் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். அடுத்த தடவை கூப்பிட்டபோது வேறு வேலை இருக்கிறதென்றான். சரி, நீயும் பதிவு செய், நானே எல்லாம் பார்த்துத் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "பாப்பம் மாப்ள" என்றான். வேண்டாத இடத்தைத் தட்டிக்கழிக்க அவன் பார்ட்டிகளிடம் சொல்கிற வார்த்தை அது என்று எனக்குத் தெரியாதா?

ஒருநாள் காலையில் பத்திர ஆபீஸ் பக்கமிருந்து ரோட்டைக் கடந்து பெஞ்சை நோக்கி வந்துகொண்டிருந்தேன். மாப்ள ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் இன்னும் நடு ரோட்டில் இருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். தலையைத் திருப்பி, மேலே பார்த்து, "மழை வரும் போலருக்கே" என்றான்.

நான் போய் உட்கார்ந்து டீ குடித்தேன். ஆத்தூர் டேமைப் பற்றிப் பேசினார்கள். மேலே ஒரு துண்டு மேகம் இல்லை. எனக்கு அழுகை வந்தது. வெயிலுக்குத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போவதைக் குறைத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

லைசென்ஸ் எனக்குச் சோறு போட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தொப்பம்பட்டியிலிருந்து ஒருவர் மாடியேறி வந்து, "ஏனுங்க, நம்பர் வாங்கின புரோக்கர் நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து, அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மகனுக்கு மனை வாங்கித் தந்தேன். பத்திரம் முடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் அப்படித்தான். லோன் பேசுவார்கள், நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், டீ சொல்லட்டுமா என்றால் நேரமாகிவிட்டது என்பார்கள். அவர்கள் போன பிறகு மாடியில் நானும் ஃபேனும்தான்.

இதற்கிடையில் மகளுக்கு ஓசூரில் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். ஆறு மாதத்துக்கு என்று போன என் மனைவி, குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். தினமும் மத்தியானம் போன் வரும்.

"ஏங்க, சாப்டீங்களா? என்ன வெஞ்சனம்?"

"அவரைக்கா."

"மெஸ்ஸுல குடுத்ததா?"

"பின்ன, நானா வச்சேன்?"

அதற்குள் குழந்தை எதையாவது இழுத்துக் கொட்டும். "செத்த இருங்க, கூப்பிடுறேன்" என்பாள். சில நாள் கூப்பிடுவாள். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பொட்டலத்தில் மிச்சமிருக்கிற அவரைக்காயைத் தின்பேன். நீங்களும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று மகள் சொல்லத்தான் செய்தாள். போய்ப் பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு தெருவும் தெரியவில்லை. பாதி வழியில் வழி தெரியாமல் நிற்கிற புரோக்கரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு வாரம் அப்படித்தான் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஐந்து வருஷம் முடியப்போகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று மெயில் வந்தபோது நான் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். விட்டுவிடலாமா என்று யோசித்தேன். லைசென்ஸ் போய்விட்டால் கணக்கும் போகும், கணக்கு போனால் அவர்கள் பயமும் போகும். அன்றைக்கு லட்டோடு போய் நின்ற இடத்திலேயே வெறுங்கையோடு போய் நின்று, "இனிமே எனக்கு நம்பர் கிடையாதுப்பா" என்று சொன்னால் நகர்ந்து இடம் விட மாட்டார்களா? தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஆடிட்டருக்கு போன் செய்யவில்லை.

அப்படி இருந்த ஒரு காலையில் மாப்ள போன் செய்தான். திரையில் அவன் பேரைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். வயசானவனுக்கு இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டு எடுத்தேன்.

"எங்க மாப்ள இருக்க? டீ குடிக்க வா."

அவ்வளவுதான் சொன்னான். நான் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

அவன் பெஞ்சில் தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தான். "மாப்ளைக்குச் சக்கரை கம்மி" என்று டீ மாஸ்டரிடம் சொன்னான். எனக்குச் சர்க்கரை வியாதி வந்ததே நான் அங்கே போகாமல் நின்ற பிறகுதான். யாரிடமோ கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறான். டீ கைக்கு வந்தது. நான் காத்திருந்தேன். யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் பாலசமுத்திரத்தில் ஒரு தோப்பு விலைக்கு வருகிறது என்றார். இன்னொருவர் விலை கூடுதல் என்றார். என் கையில் டீ கிளாஸ் இருக்க, என் முன்னாலேயே பேசினார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று நான் கேட்டேன். "அதான பாத்தேன், மாப்ள இன்னும் பட்டாவக் கேக்கலயேன்னு" என்று அவன் என் தோளில் தட்டினான். பெஞ்சே சிரித்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்தேன். டீ ஆறிப்போகும்வரை கிளாசைக் கீழே வைக்கவில்லை.

எழுந்து வரும்போது மாப்ள கூடவே வந்தான். ஆத்தூர் ரோட்டில் ஒரு இடம் மனை போடுகிறோம், நம்ம ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது என்றான். நோட்டீஸ் அடிக்கப்போகிறார்கள். இப்போதெல்லாம் ஜனங்கள் நம்பர் இருக்கா என்று கேட்கிறார்கள்.

"உன் நம்பர அடியில போட்டுக்கிறோம் மாப்ள."

"எடத்துக்கு நம்பர் வாங்கியாச்சா?"

"வாங்கிரலாம். அதுக்குள்ள போணி ஆகணும்ல."

"என் நம்பர் புரோக்கர் நம்பருடா. எடத்தோட நம்பர் வேற."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாக்குறவனுக்குத் தெரியவா போகுது? நம்பர்தான மாப்ள. தேஞ்சா போகும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மத்தியானமே அந்த இடத்துக்குத் தனியாகப் போனேன். மக்காச்சோளம் அறுத்த காடு. தட்டையைக்கூட இன்னும் முழுதாக அகற்றவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஊன்றி, கலர் கொடி கட்டியிருந்தார்கள். அரசாங்க அனுமதி வாங்கின மாதிரி ரோடும் இல்லை, அளவும் இல்லை. நான் திட்டக்கூட முடியாதபடி இடம் அழகாக இருந்தது. மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. நியாயம், தர்மம் என்று இங்கே கதை விட மாட்டேன். நான் யோசித்ததெல்லாம் காலையில் பிடித்திருந்த அந்த டீ கிளாசைத்தான். ஏமாந்தவர்கள் நாளைக்கு நம்பரைப் பார்த்து என் மாடியைத் தேடி வருவார்கள். வரட்டும், சண்டை போடவாவது நாலு பேர் படியேறி வருவார்களே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் எனக்கே பயமாக இருந்தது.

பத்திரத்தில் ஏதாவது இடித்தால் அந்தக் காலத்தில் நான் தொண்டையைச் செருமுவேன். அவன் புரிந்துகொண்டு நிறுத்துவான். இப்போது யாரும் இல்லாத காட்டில் நின்று ஒருமுறை செருமிப் பார்த்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் அவனை பத்திர ஆபீஸ் வாசலில் பிடித்துச் சொன்னேன். போனில் சொல்ல மனம் வரவில்லை.

"வேணாம் மாப்ள. எடத்துக்கு நம்பர் வாங்குங்க, நானே முன்னால நின்னு வித்துத் தாரேன். அலையறதுக்கும் நான் வாரேன்."

அவன் இடது கண் சுருங்கியது. கோபம் வந்தால் அவனுக்கு அப்படித்தான்.

"உன்னைய வரச் சொல்லாதன்னுதான் அம்புட்டுப் பேரும் சொன்னாங்க. நாந்தான் என் மாப்ள செய்வான்னு கூப்பிட்டேன்" என்றான். "சரி, போ. அந்த நம்பரையே கட்டிக்கிட்டு அழு."

ரோட்டைக் கடந்து பெஞ்சுக்குப் போய்விட்டான். நான் இந்தப் பக்கமே நின்றேன்.

அந்த வாரமே புதுப்பிக்க விண்ணப்பம் போட்டேன். வேறு என்ன செய்ய? ஒன்றுக்காக இன்னொன்றை விட்டாயிற்று, லைசென்ஸையாவது வைத்துக்கொள்ள வேண்டும். புதிய போட்டோ கேட்டார்கள். அதே ஸ்டூடியோ, அதே நாற்காலி. ஸ்டூடியோக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "கூட ஒருத்தர் வந்து பனியனோட நின்னாரே, அவரு வரலையா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். இந்தத் தடவை காலர் சுத்தமாக இருந்தது, நானே தேய்த்துப் போட்டுக்கொண்டது. முதல் கிளிக்கிலேயே போட்டோ சரியாக விழுந்தது. சிரிப்பில்லாமல், லைசென்ஸ்காரன் மாதிரியே இருந்தேன்.

புதிய சான்றிதழ் வந்ததும் பழையதைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு இதை மாட்டினேன். மூலையில் சொருகியிருந்த பழைய போட்டோவை மட்டும் மாற்றவில்லை. தோளில் தொங்குகிற அவன் சட்டையில், சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிறேன். வருகிறவர்கள் நம்பரைத்தான் பார்க்கிறார்கள், போட்டோவை யாரும் பார்ப்பதில்லை.

போன மாதம் ஒரு பார்ட்டியின் பத்திரத்துக்காகக் காலையிலேயே பத்திர ஆபீசுக்குப் போனேன். டோக்கன் கூப்பிட நேரமாகும் என்றார்கள். எதிரே கடையில் பால் கொதிக்கிற வாசனை வந்தது. என்னவோ தோன்றியது, ரோட்டைக் கடந்தேன். பெஞ்சில் எல்லோரும் தலையைக் குனிந்து நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். மாப்ள ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கப் போனான். அதைச் சொல்ல அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. நான் அவனை ஐம்பது வருஷமாகப் பார்க்கிறவன்.

அவன் சொல்வதற்குள் நானே வானத்தைப் பார்த்தேன்.

"மழை வரும் போலருக்கே" என்றேன்.

அவன் திறந்த வாயை மூடிக்கொண்டு, கையிலிருந்த கிளாசைப் பார்த்தான். அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பி, "ஒரு டீ. சக்கரை கம்மி" என்றான். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து குடித்தேன். ஆத்தூர் டேமில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆமாம், ரொம்பக் குறைந்துவிட்டது என்றேன்.